காய்ந்த பிரஷ் பொய் சொல்லும்

பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு ஷேவிங் பிரஷ் என்று சொன்னால் எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "தங்கத்துலயா பண்ணிக்கீறான்?" என்று கேட்பார்கள். சிரிப்பதில் தப்பில்லை. எம்.சி. ரோட்டு நடைபாதைக் கடையில் பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட நைலான் பிரஷ் டீ, பஜ்ஜிக் காசுக்குக் கிடைக்கிறது. அதிலும் நுரை வரத்தான் செய்கிறது. ஆனால் விலை கூடினாலே ஏமாற்று வேலை என்பது ஒரு சோம்பேறித்தனம் என்றால், விலை கூடினாலே சரக்கு நல்லது என்பது அதைவிடப் பெரிய சோம்பேறித்தனம். பிரஷ்ஷைப் பார்த்து மதிப்புப் போடத் தெரிய வேண்டும். அதற்கு முதலில் விட்டொழிக்க வேண்டியது, கடையில் எல்லோரும் செய்கிற அந்த ஒரு காரியம்: காய்ந்த முடியைக் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பது.

கப்பலில் வேலை பார்க்கும் என் மாமா பையன் போன லீவில் வந்தபோது லண்டனில் வாங்கிய பிரஷ் ஒன்றை வெல்வெட் டப்பாவோடு கொண்டுவந்தான். ராயபுரம் வீட்டு வாசலில் நின்றபடியே டப்பாவைத் திறந்து, "மச்சான், தொட்டுப் பாரு, இன்னா சாஃப்ட்டு பாரு" என்றான். தொட்டேன். சாஃப்ட்தான். "தண்ணி போட்டியா?" என்றேன். "புதுசுப்பா, வீணாப் போய்டாது?" என்றான். இப்படித்தான் பாதிப் பேர் பிரஷ்ஷை அலமாரியில் வைத்துப் பூஜை செய்கிறார்கள்.

காய்ந்த நிலையில் தொடுவது ஏன் எதையும் சொல்வதில்லை என்றால், ஒவ்வொரு முடியும் தண்ணீரில் வேறு வேறு மாதிரி மாறுகிறது. பன்றி முடி தண்ணீரைத் தனக்குள் உறிஞ்சும். காய்ந்திருக்கும்போது முரட்டுத்தனமாகக் குத்துவது, பத்து நிமிஷம் ஊறினால் அடங்கிவிடும். பேட்ஜர் எனும் வளைக்கரடியின் முடி அவ்வளவாக உறிஞ்சாது, முடிகளுக்கு நடுவே தண்ணீரைத் தாங்கி நிற்கும். அதனால்தான் அது பெரிய விலைக்குப் போகிறது. செயற்கை இழை எதையும் உறிஞ்சாது. காய்ந்திருக்கும்போது பட்டாக இருக்கும், நனைந்ததும் சில ரகம் ஸ்பிரிங் வைத்ததுபோல் முகத்தைத் தள்ளும், சில ரகம் துவண்டு விழும். கடையில் தொட்டுப் பார்க்கும்போது இந்த மூன்றில் எதுவும் தெரியாது.

கைப்பிடியைப் பற்றி ரொம்பப் பேச வேண்டாம். டப்பாவைத் திறந்ததும் கண் போவது அங்கேதான், விலையில் கணிசமான பங்கும் அங்கேதான். ரெசின், கொம்பு, மரம், பித்தளை என்று ஆயிரம் வகை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சோப்பு வழுக்கும் விரலால் பிடித்தால் நழுவுகிறதா, நிற்கிறதா. வழவழப்பாக, ஒரே பருமனாக இருக்கும் கைப்பிடி படத்தில் அழகாகத் தெரியும். இடுப்பு ஒடுங்கிய கைப்பிடிதான் கையில் நிற்கும். எங்கள் பக்கத்து ஈரத்துக்கு மரக் கைப்பிடி வேண்டாம் என்பது என் கட்சி. வார்னிஷ் எங்காவது ஒரு மயிரிழை விட்டுப்போயிருந்தால் போதும், கடல் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

விஷயம் முடியில் இருக்கிறது. விலை கூடிய பிரஷ் என்றாலே பெரும்பாலும் பேட்ஜர். அதில் 'பியூர்', 'பெஸ்ட்', 'சூப்பர்', 'சில்வர்டிப்' என்று படிப்படியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் பொதுவான தரக்கட்டுப்பாடு எதுவும் கிடையாது. ஹோட்டலுக்கு ஹோட்டல் 'ஸ்பெஷல் மீல்ஸ்' போர்டு மாதிரிதான் இது. ஒரு கம்பெனியின் 'பெஸ்ட்' இன்னொரு கம்பெனியின் 'சூப்பரை'த் தூக்கிச் சாப்பிடும். 1777 முதல் இருக்கும் கென்ட், 1808இல் பாரிஸில் தொடங்கிய ப்ளிசான், 1919இல் தொடங்கிய சிம்ப்சன் என்று பழைய பிரஷ் கம்பெனிகளில் ஒரு கம்பெனிக்குள் ஒரு வரிசை ஒழுங்காக இருக்கும். ஒரு கம்பெனியின் பெயரை இன்னொரு கம்பெனியோடு ஒப்பிடும்போதுதான் குழம்பிப் போவோம்.

இந்த முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவது. இங்கிலாந்தில் காட்டு வளைக்கரடிக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பிரஷ் இங்கிலாந்தில் கட்டப்பட்டது என்றால் கைவேலை அங்கே நடந்தது என்றுதான் அர்த்தம். அங்கே சீனாவில் அந்த விலங்கை எப்படிப் பிடித்து எப்படிக் கொல்கிறார்கள் என்பதைப் பற்றி வந்த செய்திகளைப் பார்த்த பிறகு நான் புதிதாக பேட்ஜர் வாங்கவில்லை. வாங்குகிறவரிடம் சண்டைக்கும் போவதில்லை. நம் ஊரில் கீரி முடியில் செய்த ஓவியப் பிரஷ்ஷை வனவிலங்குச் சட்டம் தடுத்த பிறகும் அதை விற்று மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அசல் பேட்ஜர் முடியை ஒற்றையாக எடுத்துப் பார்த்தால் அடியில் இளம் பழுப்பு, நடுவில் கருப்புப் பட்டை, நுனியில் வெள்ளை. இது இயற்கை கொடுத்த நிறம், அதனால் பட்டை தொடங்கும் இடம் முடிக்கு முடி கொஞ்சம் ஏறி இறங்கும். பிரஷ்ஷின் முடிக்கொத்தை, அதாவது குஞ்சத்தை, சுற்றிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி கருப்பும் வெள்ளையும் பிரிந்தால், அது சாயம் போட்ட பன்றி முடியாக இருக்கலாம். வெள்ளை வேட்டித் துண்டை நனைத்து அழுத்தி இழுத்தால் சில நேரம் சாயமே துணியில் வந்து உட்காரும். இந்தப் போலி வேலை இன்று நேற்று வந்ததல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் முடி கிடைக்காமல் குதிரை முடியை பேட்ஜர் மாதிரி ஆக்கி விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்காத அந்த முடியிலிருந்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஷேவ் செய்தவர்களுக்கு ஆந்த்ராக்ஸ் எனும் கொடிய நோய் தொற்றிச் சிலர் செத்தும் போனார்கள்.

அடுத்தது நுனி. இங்கேதான் போன் கேமரா உதவும். கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ மோடில் வைத்து நுனியைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வெட்டாத முடி ஊசியாகக் குறுகிக் காணாமல் போகும். வெட்டிய முடி மொட்டையாக நிற்கும். நல்ல பிரஷ்ஷில் குஞ்சத்தின் வளைவைக் கத்தரி போட்டு உருவாக்க மாட்டார்கள். முடியை நுனி கீழாக ஒரு அச்சுக் கிண்ணத்தில் இறக்கி, தட்டித் தட்டி, நுனிகளே வளைவாக உட்காரும்படி செய்து, பிறகு அடியைக் கட்டுவார்கள். கை வேலைக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான். கத்தரி பட்ட பிரஷ் முகத்தில் சின்னச் சின்னதாகக் குத்தும். முதல் நாள் தெரியாது, தினமும் ஷேவ் செய்கிறவருக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பன்றி முடி மட்டும் விதிவிலக்கு: அதன் நுனி போகப் போக இரண்டு மூன்றாகப் பிளக்கும், பிளக்கப் பிளக்க மென்மையாகும். இத்தாலியின் ஒமேகா கம்பெனி பன்றி முடி பிரஷ்ஷை வாங்கிய வாரமே தூக்கிப் போட்டவர்கள் எல்லாம் இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாம்.

அடர்த்தியைப் பற்றித்தான் அதிகமாக ஏமாறுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அடர்த்தி கூடினால் உசத்தி என்று ஒரு நம்பிக்கை. முடிக்கொத்தின் விட்டம், வெளியே தெரியும் முடியின் உயரம், இவ்விரண்டின் விகிதத்தைப் பாருங்கள். 24 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 50, 52 மில்லிமீட்டர் உயரம் என்றால் முதுகெலும்போடு நிற்கும். அதே விட்டத்துக்கு 60 வைத்தால் நனைந்ததும் தலை சாய்ந்துவிடும். உயரத்தைக் குறைத்து, முடியைத் திணித்தால் கையில் கல்லாட்டம் இருக்கும். வாங்குகிறவர் "என்ன டென்ஸா இருக்கு!" என்று சந்தோஷப்படுவார். நுரையைத் தொட்டுப் பார்க்கும்போதுதான் கதை வெளியே வரும்.

மாமா பையனின் பிரஷ்ஷில் அந்தக் கதை வெளியே வந்தது தண்டையார்பேட்டையில், எங்கள் சலூன் அண்ணன் கையில். அவர் கடையில் இப்போது கேன் நுரையும் ஜெல்லும்தான் அதிகம். பாதி பிளேடு உடைத்துப் போடுவதற்கு முன் வாடிக்கையாளர் கண்முன்னால் புது கவரைப் பிரித்துக் காட்டுவார். ஆனாலும் வயசாளிகளுக்காக ஒரு பன்றி முடி பிரஷ்ஷும் ஒரு வட்ட சோப்பும் இன்னும் வைத்திருக்கிறார். இவனுடைய வெல்வெட் டப்பாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பிரஷ்ஷை வாங்கிக் குழாயில் நனைத்தார், ரெண்டு உதறு உதறினார், சோப்பில் ஒரு இருபது சுற்று சுற்றினார், தன் புறங்கையில் வைத்து அழுத்தி இரண்டு பக்கமும் இழுத்தார். கையில் நுரை மெலிசாக, அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றது. பிறகு குஞ்சத்தின் அடியைக் கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்துப் பிழிந்தார். உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று பொத பொதவென நுரை விரலிடுக்கில் வழிந்தது.

"முடி நல்லாத்தான் கீது தம்பி. ஆனா சோப்பை எல்லாம் உள்ளயே வெச்சுனு கீது, வெளிய வுடமாட்டேங்குது."

இவன் விடுவதாக இல்லை. "ணா, வெல ரொம்ப ஜாஸ்திணா."

"வெல ஜாஸ்தினா சோப்பும் ஜாஸ்தியா போடு" என்றார் அவர், தன் பழைய பிரஷ்ஷை எடுத்துக் காட்டியபடி. அதில் அதே சோப்பு, அதே சுற்று. நுரை நுனியில் வந்து நின்றது.

எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. அதிக அடர்த்தி என்பது ஒருவருக்குக் குறை, இன்னொருவருக்கு விருப்பம். கிண்ணத்தில் நுரை கட்டி, மூன்று முறை சவரம் ஓட்டும் பழக்கம் உள்ளவருக்கு உள்ளே சேர்ந்த நுரை சொத்துதான். முகத்திலேயே நேராகக் கட்டி ஐந்து நிமிஷத்தில் முடித்து ஆபீஸ் ஓடுகிறவருக்கு அது தண்டம். அடர்த்தியை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. சொல்ல முடிகிற குறை ஒன்று உண்டு: குஞ்சத்தை நடுவில் விரித்து அடியைப் பாருங்கள், இல்லையென்றால் நனைந்த பிறகு கிள்ளிப் பாருங்கள். நடுவில் முடி இல்லாமல் வெறும் பசை மேடு தட்டுப்பட்டால் அந்தப் பிரஷ் சுற்றிலும் முடி, உள்ளே காலி. மேலே இருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது.

இனி தண்ணீர். வெளியூர்க்காரர்கள் எழுதும் விமர்சனங்களைப் படித்து இங்கே பிரஷ் வாங்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வடசென்னையில் பல தெருக்களில் போர் தண்ணி உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல் உள்ளே புகுந்தது பழைய செய்தி. காட்டுப்பள்ளியில் 2010இல் திறந்த கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் தருவதற்கென்றே கட்டப்பட்டது. மெட்ரோ தண்ணி வரும் வீட்டிலும் குளியலறைக் குழாயில் வருவது போர் தண்ணியாகத்தான் இருக்கும். அதில் கால்சியமும் மெக்னீசியமும் கூடுதல். ஷேவிங் சோப்பில் இருப்பது ஸ்டியரிக் அமிலத்தின் பொட்டாசிய, சோடிய உப்பு. இரண்டும் சேர்ந்தால் கரையாத கசடு உருவாகும். பக்கெட் ஓரத்தில் படிகிறதே ஒரு வெள்ளை வழவழப்பு, அதேதான். நுரைக்குப் போக வேண்டிய சோப்பில் ஒரு பங்கு கசடாகப் போய்விடுகிறது, மிச்சம் நுரை சட்டென்று உட்கார்ந்துவிடுகிறது. "பிரஷ் சரியில்லை" என்று பிரஷ்ஷின் மேல் பழி விழும்.

அதனால் புது பிரஷ்ஷை மதிப்பிடும்போது முதல் சில நாள் கேன் தண்ணியில் செய்யுங்கள். ஒரு டம்ளர் போதும். அதில் நன்றாக நுரைத்து, குழாய்த் தண்ணியில் நுரை செத்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். குழாய்த் தண்ணியில்தான் தினமும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் மாதம் ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணியில் ரெண்டு ஸ்பூன் வினிகர் விட்டு, குஞ்சத்தை மட்டும் சில நிமிஷம் நனைய விட்டு அலசுங்கள். அடியில் படிந்த கசடு முடியை விறைக்க வைக்கும். அது வயசான பிரஷ் மாதிரியே இருக்கும், ஆனால் வயசாகியிருக்காது. கொதிக்கும் தண்ணியில் மட்டும் ஊற வைக்க வேண்டாம். முடியைக் கட்டி வைத்திருக்கும் பசைக்கு அது ஆகாது.

முடி கொட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, கொட்டின முடியைப் பார்த்தால் போதும். புது பிரஷ்ஷில் ஆரம்பத்தில் சில முடி உதிரும். கொட்டியதை எடுத்து வெளியே தெரியும் உயரத்தோடு ஒப்பிடுங்கள். முடி அதைவிட நீளமாக, அடி முழுசாக வந்திருந்தால் பசை பிடிக்கவில்லை என்று அர்த்தம். தொடர்ந்து அப்படி வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், யோசனையே வேண்டாம். பாதியில் ஒடிந்து குட்டையாக வந்தால் முடி மொறுமொறுத்திருக்கிறது. வெள்ளை நுனி வேண்டும் என்று அளவுக்கு மேல் பிளீச் போட்டதாக இருக்கலாம், இல்லை நீங்கள் முகத்தில் வைத்து நசுக்கித் தேய்க்கிறீர்கள். பேட்ஜர் முதல் சில நாள் மிருக நாற்றம் அடிக்கும். அது குறையில்லை. ரெண்டு முறை சோப்புப் போட்டு அலசினால் போய்விடும். மாதக்கணக்கில் போகாமல் இருந்தால் முடியைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை.

பிறகு காய்வது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டுக் குளியலறையில் துண்டே காயாது. ஜன்னல் இல்லாத ஒட்டுக் குடித்தனங்களில் கேட்கவே வேண்டாம். அடர்ந்த பேட்ஜர் காலையில் நனைத்தது மறுநாள் காலை வரை அடியில் சிலுசிலுவென்று இருக்கும். அப்படியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அடி முடி வலுவிழக்கும். தலைகீழாகத் தொங்கவிட வேண்டுமா, நேராக நிறுத்த வேண்டுமா என்று பெரிய பட்டிமன்றமே நடக்கிறது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உதறிவிட்டு, துண்டில் ஒத்தி, குளியலறைக்கு வெளியே காற்று படும் இடத்தில் வையுங்கள், அவ்வளவுதான். ஸ்டாண்டுக்கு ஆயிரம் ரூபாய் கேட்கிறவர் ஸ்டாண்டு விற்கிறவர்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எங்கள் பக்கத்துக்கு நல்ல செயற்கை இழைதான் என்பது என் முடிவு. நடைபாதை நைலானைச் சொல்லவில்லை. கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் வந்த மெல்லிய, நுனி குறுகிய பாலியெஸ்டர் வகை இழைகளைச் சொல்கிறேன். ஜெர்மனியின் ம்யூலே 'சில்வர்டிப் ஃபைபர்' என்று பெயர் வைத்தே விற்கிறது. ஊறவைக்க வேண்டாம், சோப்பைக் கொஞ்சமாகத்தான் தின்னும், கார்த்திகை மாசத்திலும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். பேட்ஜர் பிரியர்கள், நனைந்த பேட்ஜர் நுனி முகத்தில் படும் அந்தச் சுகம் இதில் இல்லை என்பார்கள். உண்மைதான். ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சுகத்துக்காக மிச்ச எல்லாத்தையும் பொறுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மண்ணடியில் இருக்கும் என் நண்பர் பிரஷ் என்றதும் கேட்கும் முதல் கேள்வி, "பன்னி முடி இல்லையே பாய்?" சௌகார்பேட்டையில் பல சேட்டு வீடுகளில் எந்த மிருக முடி பிரஷ்ஷும் உள்ளே வராது. இருவருக்குமே 'நேச்சுரல் பிரிசில்' என்று மட்டும் அச்சடித்த டப்பா எந்தப் பதிலும் சொல்வதில்லை. பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறவர், இது எந்த மிருகம் என்று டப்பாவில் எழுதுவதற்கு யோசித்தால் எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை போய்விடும்.

ஆன்லைனில் வாங்கும்போது நனைத்துப் பார்க்க வழியில்லை. அதனால் நான் விற்கிறவருக்கு முதலில் ஒரு மெசேஜ் போடுவேன். எந்த முடி, கொத்தின் விட்டமும் உயரமும் எத்தனை மில்லிமீட்டர், வளைவை அச்சில் உட்கார்த்தியதா கத்தரியில் வெட்டியதா, நனைத்துப் பயன்படுத்திய பிறகு அடியோடு முடி கொட்டினால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா. தெரிந்தவர் பத்து நிமிஷத்தில் நாலுக்கும் பதில் எழுதிவிடுவார், கூடவே நாம் என்ன சோப்பு போடுகிறோம் என்றும் கேட்பார். மற்றவர்களிடமிருந்து வருவது ஒரு தாஜ்மஹால் படம் போட்ட குட் மார்னிங்கும், "ஆல் பிரீமியம் குவாலிட்டி சார், ஸ்டாக் லிமிட்டெட்" என்ற ஒரு வரியும்.